கெச்சப்பை எந்த இடத்துல வெட்டுறது?

கெச்சப். பிள்ளைங்க நக்கெட்டுக்கும் ஃபிரைஸுக்கும் தொட்டுக்கிட்டு சட்டையிலயும் கொஞ்சம் பூசிக்கிட்டு வருவாங்களே அந்த செவப்பு சாஸு, அதேதான். மலேசியாவுல, பினாங்குல நம்ம வீட்ல எல்லாம் தொமாத்தோ சாஸுன்னு சொல்லிட்டுப் போயிருவோம், ஆனா இங்கிலீஷ்ல எழுதுனா கே, ஈ, டி, சி, எச், யூ, பின்னு ஏழு எழுத்து. இதுல எத்தனை சிலபிள், எங்க பிரிக்கணும், எப்படிச் சொல்லணும், எங்க இருந்து வந்துச்சு, இந்த நாலையும் ஒரே வார்த்தையில பாத்துட்டா சிலபிள் விஷயம் பாதிக்கு மேல புரிஞ்சிரும்னுதான் இத எடுத்தேன். பேரு இங்கிலீஷ் வார்த்தை, பூர்வீகம் என்னவோ நம்ம பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீன ஆளுங்களோட பேச்சு. அதுக்குப் பொறவு வர்றேன், மொதல்ல அடிப்படை.

சிலபிள்னா எழுத்து இல்ல, சத்தம். நடுவுல ஒரு உயிர்ச் சத்தம் இருக்கும், அதுக்கு முன்னால பின்னால மெய்ச் சத்தம் ஒட்டிக்கிட்டு வரலாம், ஒண்ணுமே ஒட்டாமயும் வரலாம். அவ்ளோதான். ஸ்ட்ரெங்த்ங்கிற வார்த்தைக்கு இங்கிலீஷ்ல எட்டு எழுத்து, ஆனா உயிர்ச் சத்தம் ஒண்ணே ஒண்ணு, அதனால ஒரே சிலபிள். ஐடியாவுக்கு நாலே எழுத்து, ஆனா ஐ-டி-யான்னு மூணு சிலபிள். எழுத்த எண்ணிப் பாத்து சிலபிள் கண்டுபிடிக்கவே முடியாது, காதாலதான் எண்ணணும். சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றப்ப தாடைக்கு அடியில கைய வெச்சிக்கச் சொல்லுங்க, வார்த்தைய மெதுவா சொல்றப்ப தாடை எத்தனை தடவை கீழ எறங்கி கையில இடிக்குதோ அத்தனை சிலபிள், ஏன்னா உயிர்ச் சத்தம் வரணும்னா வாய் தொறந்தே ஆகணும். எல்லா வார்த்தைக்கும் இது சுத்தமா வேலை செய்யாது, பாட்டில் மாதிரி வார்த்தையில ரெண்டாவது சிலபிள்ல உயிரே கிடையாது, வெறும் எல் சத்தம்தான் உயிரோட எடத்துல உக்காந்திருக்கும், நாமதான் அதுக்கு ஒரு இகரம் போட்டு டில்லுன்னு ஆக்கிட்டோம். அந்த மாதிரி சிலத விட்டுட்டா தாடைக் கணக்கு போதும்.

கெச்சப்ப சொல்லிப் பாருங்க. தாடை ரெண்டு தடவை எறங்கும். ரெண்டு சிலபிள். இதுல யாருக்கும் சண்டை இல்ல. சண்டை எங்கன்னா, ஒண்ணு எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுங்கிறதுலதான்.

அதுக்கு முன்னால நம்ம பிள்ளைங்களுக்கு இது ஏன் கொழப்புதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா இது அவங்க தப்பு இல்ல. தமிழ்ப் பள்ளியில படிக்கிற ஒரு பிள்ளை ஒரே நேரத்துல மூணு வெவ்வேற கணக்கு கத்துக்குது. தமிழ்ல கெ, ச், ச, ப்னு எழுத்துக் கணக்கு, அம்மான்னா மூணு எழுத்து, ஆனா வாயில அம்-மான்னு ரெண்டே துண்டு. மலாய்ல சுக்கு காத்தா, அதாவது பா-ஜு, போ-லா, கி-சாப்னு துண்டு துண்டா வாசிச்சுப் பழகுறது, மலாய் ஸ்பெல்லிங்கும் அதுக்கு ஏத்த மாதிரி நேர்மையா இருக்கும், எழுதுனத சொல்லலாம் சொன்னத எழுதலாம். இங்கிலீஷ்ல இந்த ரெண்டு வசதியுமே கிடையாது.

தமிழ்ல அசை இருக்கே, அதுதான சிலபிள்னு கேப்பீங்க. கிட்டத்தட்ட, ஆனா முழுசா இல்ல. யாப்பிலக்கணத்துல நேரசை, நிரையசைன்னு ரெண்டு உண்டு. நேர்னா தனிக் குறில், தனி நெடில், இல்ல அதோட ஒரு ஒற்று, இது இங்கிலீஷ்காரன் சொல்ற சிலபிளோட ஒத்துப் போகும். நிரைன்னா ரெண்டு குறில் சேந்து வர்றது, இல்ல குறிலும் நெடிலும் சேந்து வர்றது. அதாவது புளின்னா அசைக் கணக்குல ஒண்ணு, சிலபிள் கணக்குல ரெண்டு. பினாங்குன்னு நம்ம ஊர் பேரையே எடுத்துக்கோங்க, சிலபிள் பி-னாங்-குன்னு மூணு, அசை பினாங்-குன்னு ரெண்டு, நிரை நேர், புளிமா. அதே ஊருக்கு இங்கிலீஷ்லயும் மலாய்லயும் பி-னாங், ரெண்டே ரெண்டு சிலபிள், கடைசில அந்த கு கிடையாது. அந்த கு எங்க இருந்து வந்துச்சுங்கிறது கெச்சப்புக்கும் வேண்டியிருக்கு, கொஞ்சம் பொறுங்க.

இப்ப டிக்‌ஷனரிக்கு வருவோம். மெரியம் வெப்ஸ்டர் மாதிரி அமெரிக்க டிக்‌ஷனரில வார்த்தைக்கு நடுவுல ஒரு குட்டிப் புள்ளி வெச்சிருப்பாங்க. கெச்சப்புக்கு அந்தப் புள்ளி கே-ஈ-டி-சி-எச் முடிஞ்சு, யூ-பிக்கு முன்னால நிக்கும். பாத்த ஒடனே எல்லாரும் ஆஹா இதுதான் சிலபிள் பிரிப்புன்னு நோட்டுல எழுதிக்குவாங்க. ஆனா அதே பக்கத்துல, அடுத்தாப்ல, உச்சரிப்பு போட்டிருப்பாங்க பாருங்க, அதுல கோடு வேற எடத்துல இருக்கும், கெ தனியா, சப் தனியா. ஒரே டிக்‌ஷனரி, ஒரே வார்த்தை, ரெண்டு வெட்டு.

காரணம் என்னன்னா அந்தப் புள்ளி வாய்க்கு வெச்சது இல்ல, கண்ணுக்கு வெச்சது. அச்சடிக்கிறப்ப ஒரு வரி முடியிற எடத்துல வார்த்தை முழுசா அடங்கலன்னா எங்க ஒடச்சு ஒரு சின்னக் கோடு போட்டு மிச்சத்த அடுத்த வரிக்குத் தள்ளலாம்னு அச்சகத்துக்காரருக்குச் சொல்ற புள்ளி அது. அதனாலதான் ஐடியாங்கிற வார்த்தைக்கு மூணு சிலபிள் இருந்தும் அந்த டிக்‌ஷனரில ஒரு புள்ளி கூட கிடையாது, ஏன்னா ஒத்த எழுத்த மட்டும் வரி கடைசில தொங்கவிட்டாலோ அடுத்த வரி ஆரம்பத்துல தனியா உக்கார வெச்சாலோ பாக்க நல்லா இருக்காதுன்னு விட்டுட்டாங்க. அபௌட்டுக்கும் அதே கதை. புள்ளிய எண்ணி சிலபிள் சொல்ற பழக்கத்த இன்னியோட விட்டுருங்கன்னு சொல்றதுக்கு இந்த ரெண்டு வார்த்தையே போதும்.

சரி, வாய்க்கு எந்த வெட்டுன்னு பாத்தா அங்கயும் ரெண்டு கட்சி. ஒரு கட்சி என்ன சொல்லுதுன்னா, ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரு மெய் வந்தா அத முடிஞ்ச வரைக்கும் பின்னால வர்ற உயிரோட சேத்துரு, உலகத்துல பெரும்பாலான மொழில அப்படித்தான் இருக்கு. அப்ப கெ-சப். மெரியம் வெப்ஸ்டர் உச்சரிப்பு இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, இங்கிலீஷ்ல அழுத்தம் விழுற குறில் சத்தம் தனியா நிக்காது, பின்னால ஒரு மெய் வந்து கதவ மூடணும், கெட்னு ஒரு வார்த்தை இருக்கலாம், கெச்னு இருக்கலாம், வெறும் கென்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேட்டிருக்கீங்களா, இல்லல்ல, அப்ப அந்த ச் சத்தம் முதல் துண்டுக்குத்தான் சொந்தம்னு சொல்லும். கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி இந்தப் பக்கம், கெச்-அப். ஜான் வெல்ஸ்னு உச்சரிப்பு டிக்‌ஷனரி தொகுத்த பிரிட்டிஷ் மொழியியலாளரும் மெய்ய அழுத்தமான சிலபிளோட சேக்கணும்னு வாதாடுனவர்தான். எனக்கு ரெண்டாவது கட்சிதான் நியாயமாப் படுது, இங்கிலீஷ்காரங்க பேசுறத காது குடுத்துக் கேட்டா முதல் துண்டு கனமாவும் ரெண்டாவது ஏதோ வாலு மாதிரியும் விழுது, அந்தக் கனத்துக்குள்ள ச்சும் போயிருது. பரீட்சைல கேட்டா டீச்சர் எந்த புக்க வெச்சுத் திருத்துறாரோ அதுபடி எழுதிட்டு வந்துருங்க, வேற வழி இல்ல.

ஸ்பெல்லிங்ல டி-சி-எச்னு மூணு எழுத்து இருக்கே, அதுல டிய ஒரு பக்கம் சி-எச்ச ஒரு பக்கம் பிரிக்கலாமான்னு சில பிள்ளைங்க கேக்கும். கூடாது. மூணும் சேந்து ஒரே சத்தம், மலாய்ல சி எழுதுனா வர்ற அதே ச் சத்தம், சில்லி, சாப்னு சொல்றோமே அது. அப்ப டி எதுக்கு? அது முன்னால இருக்கிற உயிர் குறில்னு காட்டுறதுக்கு. கேட்ச், மேட்ச், வாட்ச், கிட்ச்சன், எல்லாத்துலயும் சுருக்கமான ஒரு உயிர், பின்னால டி-சி-எச். டீச், பீச், கோச்சுல உயிர் நீளம், அதனால டி கிடையாது, வெறும் சி-எச். ரிச், மச், சச், விச்னு ஒரு நாலஞ்சு வார்த்தை அடங்காம நிக்கும், அத மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான். ஆக கெச்சப்போட டி ஒரு சத்தமும் போடல, ஆனா நான் குறில்னு கெ பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டு இருக்கு, அந்த வகையில ஸ்பெல்லிங்கும் கெச்-அப் கட்சிதான்.

உச்சரிப்பு. முதல் சிலபிள்ல அழுத்தம். இங்கிலீஷ்ல ரெண்டு சிலபிள் பெயர்ச்சொல்லுக்குப் பெரும்பாலும் முன்னாலதான் அழுத்தம் விழும், டேபிள், டாக்டர், மார்க்கெட்னு. கெ-க்கு நம்ம கெட்டி, கெண்டைங்கிற கெ போதும், நீட்ட வேண்டாம். ரெண்டாவது சிலபிள்ல பிரிட்டிஷ்காரங்க அப்னு கொஞ்சம் தெளிவா சொல்லுவாங்க, அமெரிக்கக்காரங்க அதையும் தேய்ச்சு, வாய் பாதி தொறந்த ஒரு மங்கலான சத்தமா ஆக்கிருவாங்க, டிக்‌ஷனரில தலைகீழா கவுத்துப் போட்ட ஈ மாதிரி ஒரு குறி இருக்குமே, அது அந்தச் சத்தம்தான், ஷ்வான்னு பேரு. இங்கிலீஷ்லயே ரொம்ப அதிகமா வர்ற உயிர்ச் சத்தம் அது, அதுக்குன்னு தனி எழுத்து மட்டும் கிடையாது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவா எழுதுனாலும் அழுத்தம் இல்லாத எடத்துல வந்தா ஷ்வாவா மங்கிரலாம்.

நாம மலேசியால பேசுற இங்கிலீஷ்ல ரெண்டு சிலபிளுக்கும் சரிசமமா வெயிட்டு குடுப்போம், கெச்-சாப், ரெண்டும் ஒரே அளவு. தமிழும் மலாயும் அப்படிப்பட்ட மொழிங்க, ஒவ்வொரு துண்டுக்கும் அதுக்குரிய நேரத்தக் குடுத்துரும், இங்கிலீஷ் மட்டும் அழுத்தமான துண்டுக்கு நேரத்த வாரிக் குடுத்துட்டு மத்தத அமுக்கி வெச்சிரும். இங்க மாமாக் கடைல, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல, நின்னு கெச்-சாப்னு கேட்டா எவனும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நல்லாவே புரியும், ஆனா வெளியூர் ஆளு வேகமாப் பேசுறப்ப நமக்குப் புரியாம போறதுக்கு இந்த அமுக்குறதுதான் முக்கியக் காரணம். வெஜிடபிள எழுத்துல பாத்தா நாலு துண்டு, பேச்சுல வெஜ்-ட-பிள்னு மூணு. சாக்லேட் எழுத்துல மூணு, வாயில சாக்-லெட். வெட்னஸ்டேன்னு எழுதிட்டு வென்ஸ்-டேன்னு ரெண்டுல முடிச்சிருவாங்க. நாம ஒழுங்கா எல்லாத் துண்டையும் சொல்றோம், அவங்கதான் முழுங்குறாங்க.

பதிலுக்கு நாம கூட்டுறோம். இப்ப அந்த கு-வுக்கு வர்றேன். தமிழ்ல க், ச், ட், த், ப், ற் இந்த ஆறு வல்லின மெய்யும் வார்த்தைக் கடைசில வந்து நிக்கக் கூடாது, தொல்காப்பியக் காலத்துலேர்ந்து இருக்கிற வழக்கம் இது. அப்படி வல்லினத்துல முடியிற வெளிமொழி வார்த்தை ஒண்ணு வந்தா நம்ம வாய் தன்னால ஒரு உகரத்த ஒட்டிரும். கேக்கு, கப்பு, சோக்கு, பாக்கெட்டு. பஸ்ஸுக்கும் இதே கவனிப்புதான், பினாங்கும் அந்த மாதிரிதான் பினாங்-கு ஆச்சு. அந்த உகரம் முழு உகரம் கூட இல்ல, அரை மாத்திரைதான், குற்றியலுகரம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. ஆக எங்க அத்தை, மாமி எல்லாம் கொஞ்சம் கெச்சப்பு ஊத்துன்னு சொல்றப்ப அது கெச்-சப்-பு, மூணு சிலபிள், இலக்கணப்படி வன்தொடர்க் குற்றியலுகரம், பாட்டு பத்து எல்லாம் இருக்கிற அதே வரிசை. அலகிட்டுப் பாத்தா நேர் நேர் நேர், தேமாங்காய். தக்காளி சாஸு மாங்காயா மாறிருச்சு பாருங்க!

இதுல இன்னொரு அழகு, அந்த ச் யாருக்குச் சொந்தம்னு இங்கிலீஷ் டிக்‌ஷனரிங்க அடிச்சிக்கிட்டு இருக்கிறப்ப தமிழ் வாய் அத ரெட்டிப்பாக்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்துருச்சு, கெச்சுக்கு ஒரு ச், சப்புக்கு ஒரு ச.

சரி, பூர்வீகம். சீனாவோட தெற்கு ஃபூஜியான் பக்கத்து மின்னான் பேச்சுல, அதத்தான் நாம இங்க ஹொக்கியன்னு சொல்றோம், கே-சியாப்னு ஒரு வார்த்தை உண்டு. உப்புல ஊறப்போட்ட மீன்லேர்ந்தோ கெளிஞ்சல்லேர்ந்தோ எறங்குற உப்புச் சாறுன்னு அர்த்தம். ஊருக்கு ஊர் முன்பாதி கொஞ்சம் மாறும், சாங்சோவ் பக்கம் கே, ஆமோய் பக்கம் கோயே மாதிரி ஒரு சத்தம். பினாங்கு ஹொக்கியன் பெரும்பாலும் சாங்சோவ் பேச்சுலேர்ந்து வந்தது, அதனால நம்ம ஊர் காதுக்கு கே பக்கம்தான் நெருக்கம். பின்பாதி சியாப், அதுக்கு அர்த்தம் சாறு. இந்தப் பின்பாதிய ஞாபகம் வெச்சிக்கோங்க.

அந்த வார்த்தை மலாய்க்குள்ளயும் வந்துச்சு, ஆனா மீன் போயி சோயா வந்துருச்சு. கிச்சாப் மானிஸ், கிச்சாப் மாசின்னு இனிப்பும் உப்புமா நம்ம அடுப்படில இருக்கிறதெல்லாம் அதுதான். இந்தோனேசியால டச்சுக்காரன் ஆட்சில ச் சத்தத்துக்கு டி-ஜேன்னு எழுதுனாங்க, இங்க பிரிட்டிஷ்காரன் ஆட்சில சி-எச்னு எழுதுனாங்க, 1972ல ரெண்டு நாடும் சேந்து ஸ்பெல்லிங்க சீர்திருத்துனப்ப ரெண்டு பக்கமும் வெறும் சின்னு ஆச்சு, இருந்தும் அங்க கெச்சாப், இங்க கிச்சாப். பினாங்கு ஹொக்கியன்காரங்களே இன்னிக்கு சோயா சாஸுக்கு தாவ்-யூன்னு வேற பேருதான் சொல்றாங்க, அது தனி.

இங்கிலீஷ்க்கு இது ஹொக்கியன்லேர்ந்து நேரா போச்சா மலாய் வழியா போச்சான்னு ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு பக்கமும் பேசுவாங்க. காலம் மட்டும் தெளிவு. 1600களோட கடைசிலயே லண்டன்ல அச்சான ஒரு கொச்சைமொழி அகராதில கேட்ச்சப்னு போட்டு, கிழக்கிந்தியப் பக்கத்து சாஸுன்னு அர்த்தம் எழுதியிருக்காங்க. அப்ப நம்ம பினாங்கோட ஜார்ஜ்டவுன் நகரமே கிடையாது, அத ஆரம்பிச்ச ஃபிரான்சிஸ் லைட் இங்க வந்து எறங்குனது 1786ல. ஆனா இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாலயே ஜாவாவுல பந்தாம்ல கடை போட்டிருந்தாங்க, 1682ல டச்சுக்காரங்க தொரத்துனதும் 1685ல சுமத்ராவுல பெங்கூலுவுக்கு மாறுனாங்க, அந்தத் துறைமுகத்துல எல்லாம் ஹொக்கியன் வியாபாரிங்களும் மலாய் பேச்சும்தான். 1711ல சார்ல்ஸ் லாக்யர்னு ஒரு வியாபாரி சோயா ஜப்பான்லேர்ந்து தொட்டில வருது, நல்ல கெச்சப் தோங்கின்லேர்ந்து வருதுன்னு எழுதுறாரு. தோங்கின்னா வடக்கு வியட்நாம், மீன் சாறுக்கு இன்னிக்கும் பேர் போன நாடு. ஆக அந்தக் கெச்சப்பு செவப்பா இனிப்பா இருந்திருக்காது, கிளந்தான்காரங்க சோத்துக்கு ஊத்திக்கிற புடுங்கிற மீன் சாறு இருக்கே, கிட்டத்தட்ட அந்த ரகம்னு வெச்சிக்கோங்க. மணத்துக்கு நான் பொறுப்பு இல்ல.

இங்கிலாந்துக்குப் போனதும் அவங்க ஊர்ல கெடைக்கிறத வெச்சு அதே மாதிரி செஞ்சு பாத்தாங்க, நெத்திலி வகை மீனு, காளான், வால்நட், எல்லாத்துலயும் கெச்சப்பு போட்டாங்க, ரொம்ப நாளைக்கு அங்க கெச்சப்புன்னா காளான் கெச்சப்புதான். தக்காளி கடைசில வந்த ஆளு. 1812ல ஜேம்ஸ் மீஸ்னு பிலடெல்பியா விஞ்ஞானி ஒருத்தர் தக்காளி கெச்சப்புக்கு செய்முறை எழுதுனாரு, ஹெய்ன்ஸ் கம்பெனி 1876ல பாட்டில்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் மத்ததெல்லாம் மறந்து போச்சு. இன்னிக்கு மாமாக் கடைல ஒரு மீ கோரெங், அதான் வறுத்த நூடுல்ஸ், போடச் சொல்லிட்டு அந்த அண்ணன் கைய கவனிச்சிங்கன்னா, ஒரு பாட்டில்லேர்ந்து கிச்சாப், இன்னொரு பாட்டில்லேர்ந்து தொமாத்தோ சாஸுன்னு ஒரே சட்டில விழும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால பிரிஞ்சு போன பங்காளிங்க ரெண்டு பேரும் அதே மீல ஒண்ணா வேகுறாங்க.

இப்ப எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, நான் சொல்ல வந்த விஷயமே இங்கதான் இருக்கு. ஹொக்கியன்ல கே | சியாப். மலாய்ல கி | சாப். ரெண்டுலயும் ச் சத்தம் ரெண்டாவது துண்டோட தலையில இருக்கு, அர்த்தத்துக்கும் அதுதான் சரி, ஏன்னா சியாப்னா சாறு. இங்கிலீஷ்காரன் காதுல விழுந்ததும் அவன் வாய்க்கு வெறும் கெ தனியா நிக்க மாட்டேங்குது, ச்ச இழுத்து முன்னால சேத்துக்கிட்டான், கெச் | அப். மிச்சம் இருக்கிறது அப், அது அவனுக்குத் தெரிஞ்ச வார்த்தையாவும் ஆயிருச்சு, மேலன்னு அர்த்தம். முன்பாதிய கேட்ச்னு மாத்துனா இன்னும் பழகுன வார்த்தை, அதனாலதான் பழைய ஸ்பெல்லிங்ல கேட்ச்சப்னும் வருது. யாருக்கும் புரியாத ஒரு வெளியூர் சத்தத்துக்குள்ள தெரிஞ்ச துண்டு ஏதாவது இருக்கான்னு தேடி அங்க வெட்டுறது எல்லா மொழியும் செய்யிற வேலைதான். இதுல பாவம் என்னன்னா சாறுங்கிற சியாப்போட தலைய வெட்டிட்டு வால மட்டும் அப்னு வெச்சிருக்காங்க.

இதே வேலைய ஹாம்பர்கர்லயும் பாக்கலாம். ஜெர்மனில ஹாம்பர்க்னு ஒரு ஊரு, அந்த ஊர்க்காரன், அந்த ஊர்ப் பொருள்னா ஹாம்பர்க்-அர். அமெரிக்கால அத ஹாம்-பர்கர்னு வெட்டுனாங்க, ஹாம்னா பன்னி இறைச்சின்னு அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை, அப்ப மிச்சம் பர்கர்னு ஒண்ணு இருக்குன்னு ஆகிப் போச்சு, அதுலேர்ந்து சீஸ்பர்கர், சிக்கன்பர்கர், நம்ம ரோட்டோரத்து ராம்லி பர்கர் வரைக்கும் வந்தாச்சு. உள்ள ஹாமும் இல்ல, பர்கர்ங்கிற வார்த்தையும் ஆரம்பத்துல இல்ல. ஹெலிகாப்டரும் இந்த ரகம்தான், கிரேக்கத்துல ஹெலிகோன்னா திருகு, ப்டெரோன்னா சிறகு, ரெண்டையும் சேத்து 1861ல ஃபிரெஞ்சுல ஒருத்தர் செஞ்ச வார்த்தை, ஆனா இங்கிலீஷ் வாயில ப்ட்னு ஒரு சிலபிள் ஆரம்பிக்காது, அதனால ஹெலி ஒரு பக்கம் காப்டர் ஒரு பக்கம்.

நம்ம வார்த்தைக்கும் நடந்திருக்கு. கட்டுமரம், கட்டு | மரம், குழந்தைக்குக் கூட பிரிக்கத் தெரியும். கோரமண்டல் கரைல அதப் பாத்துட்டு டாம்பியர்ங்கிற இங்கிலீஷ் கடலோடி 1697ல புத்தகத்துல எழுதுனாரு. இங்கிலீஷ்ல கேட்-அ-ம-ரான், அதே நாலு சிலபிள், ஆனா டு-வும் ம-வும் ஷ்வாவா மங்கி, அழுத்தம் ரானுக்குப் போயி, கட்டு எங்க முடிஞ்சு மரம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம ஒரே இழுப்பா ஆயிருச்சு. லங்காவில ஓடுற டூரிஸ்டு படகுக்கு இங்கிலீஷ்ல அந்தப் பேரச் சொல்றப்ப அதுக்குள்ள மரம் இருக்குன்னு நம்ம ஆளுங்களுக்கே தோணாது. மலாய்க்காரங்களுக்கு ஓராங் ஊத்தான்ங்கிற மனிதக் குரங்கோட பேரு அப்படி, ஓராங் | ஹூத்தான், காட்டு மனுஷன். வெள்ளக்காரங்க பல பேரு கடைசில ஒரு ங் சேத்து ஊட்டாங்னு சொல்லுவாங்க, முன்னால ராங் வருதுல்ல, அதோட எதுகை போட்டுக்கிறாங்க.

அதனால ஒரு இங்கிலீஷ் வார்த்தைய எங்க வெட்டுறதுன்னு யாராவது கேட்டா எதுக்கு வெட்டணும்னு திருப்பிக் கேளுங்க. வரி கடைசில ஒடைக்கவா, அப்ப டிக்‌ஷனரிப் புள்ளி. வாயால சொல்லவா, அப்ப உச்சரிப்புல இருக்கிற கோடு, அழுத்தக் குறியோட சேத்துப் பாருங்க. அர்த்தம் புரிஞ்சிக்கவா, அப்ப கீழ சின்ன எழுத்துல பொறந்த எடம் போட்டிருப்பாங்க. கெச்சப்புல மூணும் ஒரே எடத்துல விழல. ஃபுட்பால் மாதிரி நேரான வார்த்தைல மூணும் ஒரே எடத்துல விழும், அதுல யாருக்கும் கஷ்டமே இல்ல.

கோலாலம்பூர்ல சொந்தக்காரங்க இருந்தா ஒரு வேளை இத மறுப்பாங்க, ஏன்னா அங்க கேண்டனீஸ்ங்கிற இன்னொரு சீனப் பேச்சு ஜாஸ்தி, கேண்டனீஸ்ல தக்காளி சாஸுக்கு கே-சாப்னே ஒரு வார்த்தை இருக்கு, கேன்னா கத்திரிக்கா தக்காளி வகை, சாப்னா சாறு, இதவிட நேரா வேற என்ன வேணும்னு கேப்பாங்க. கேக்கிறதுக்கு அப்படியே பொருந்துது, நானும் ஒத்துக்கிறேன். ஆனா வருஷம் ஒத்து வரல. இங்கிலீஷ்ல இந்த வார்த்தை 1600கள்லயே இருக்கு, தக்காளி அதுக்குள்ள போனது 1800கள்ல, அப்ப தக்காளிங்கிற அர்த்தத்துலேர்ந்து வார்த்தை எப்படிப் பொறக்கும், அந்தக் கேண்டனீஸ் பேரு பின்னால வந்து தற்செயலா பொருந்துனதுன்னுதான் எடுத்துக்கணும். அங்க சாப்னு சொல்றதும் இங்க சியாப்னு சொல்றதும் ஒரே சீன எழுத்துதான், சாறுதான். பின்பாதில ரெண்டு ஊருக்கும் தகராறே இல்ல, முன்பாதி மீனா தக்காளியாங்கிறதுதான் கேள்வி, அதுல வருஷக் கணக்கு மீன் பக்கம் நிக்குது.